குனிந்தால் கடிக்கும்

அந்த நாய்க்குட்டிக்கு நான் பெயர் வைக்கவில்லை. சனியனே, சனியனே என்று திட்டித் திட்டி அதுவே பெயராகிவிட்டது. கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்க்கும். வேறு யாரையாவது நான் சனியனே என்று ஏசினாலும் இதுதான் எழுந்து நிற்கும்.

பண்ணைக் களத்து வைக்கோல் போருக்கடியில் பிறந்தது. அதன் தாய் ஒரு நாள் முருகையனின் சோற்றுத் தூக்கில் வாய் வைத்துவிட்டது. அதற்கு அவன் செங்கல்லை எடுத்து அடித்தே கொன்றான். முருகையன், பண்ணைக் காரியக்காரர் பஞ்சநதத்தின் ஆள். காரியக்காரர் வாயால் சொல்வதை இவன் தடியால் செய்வான். நான் அப்போது களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தேன். செத்த தாயின் வயிற்றில் முட்டிக்கொண்டு இந்த ஒரு குட்டிதான் கிடந்தது. அதன் மேலும் குனிந்து குனிந்து கல் எடுத்து எறிந்தான், சிரித்துக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முறத்தைப் போட்டுவிட்டுப் போய்க் குட்டியை முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் என் மணிக்கட்டில் பல்லைப் பதித்துவிட்டது. நன்றியுள்ள பிராணியாம்!

அண்ணா இறந்துபோன வருஷம் அது. கோட்டையில் ஆட்சி மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குடமுருட்டிக் கரையில் எங்கள் தெருவில் என்ன மாறியது என்று கேட்டால், காரியக்காரரை ‘ஆண்டே’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள் ‘அய்யா’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தோம். அதுவே அவருக்குக் காதில் ஈயம் காய்ச்சி ஊற்றியது மாதிரி இருந்தது. முந்தின மார்கழியில் கிழக்கே ஓர் ஊரில், கூலி நெல் கூடக் கேட்ட சனங்களைக் குடிசையோடு வைத்துக் கொளுத்தியிருந்தார்கள். பெண்டுபிள்ளைகள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் யாரும் வாசல் படலை உள்பக்கம் கட்டிக்கொண்டு தூங்குவதில்லை; தீ வைத்தால் ஓட வேண்டுமே.

அந்தக் குறுவை அறுப்பில் நாங்களும் கூலி நெல் கூடக் கேட்டோம். பண்ணை வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. வயலில் தள்ளுமுள்ளு, யாரோ ஒருவனுக்கு மண்டை உடைந்தது. அது உடைந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் ரெத்தினம் திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் மண்வெட்டிக்குக் காம்பு பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் செங்கொடி பிடித்தவர் என்று கேசில் முதல் பெயர் அவருடையது. இரண்டாம் பெயர் உலகநாதன். போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போய் அடித்து விட்டபோது, தன் சோற்றைத் தானே பிசைந்து தின்ன அவனுக்குக் கை வரவில்லை. அவன் பெண்டாட்டி ஊட்டிவிடுவதை நான் பார்த்தேன். ரெத்தினம் ஆற்றுப் படுகை மூங்கில் புதருக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டார்.

ராத்திரியில் வீட்டுக்கு வர முடியாது. ராத்திரிதான் முருகையன் தெருவைச் சுற்றுவான். உச்சிப்பொழுதில் காரியக்காரர் சாப்பிட்டுக் கண்ணயர்வார், முருகையன் மதகுக் கட்டையில் துண்டை விரித்துப் படுத்திருப்பான், தெருவே நடவுக்குப் போயிருக்கும். எனக்கு மட்டும் வேலை கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. நான் வீட்டில் இருப்பேன். அந்த நேரம் பார்த்து அவர் வந்து ஒரு வாய் தின்றுவிட்டுப் போவது என்று பேச்சு.

முதல் தடவை வந்தார். எங்கள் வீடுகளில் குனியாமல் நுழைய முடியாது. கூரை அவ்வளவு தாழ்வு. தலையை உள்ளே விட்டதுதான் தாமதம், மூலையில் கிடந்த குட்டி பாய்ந்து அவர் குதிகாலைக் கவ்விக்கொண்டது. கவ்வினதோடு விட்டதா? ஊரையே கூட்டுகிற மாதிரி வீல் வீலென்று கத்தியது. மதகிலிருந்து முருகையனின் செருப்புச் சத்தம் கேட்டது. ரெத்தினம் பின்பக்கக் கீற்றைப் பிய்த்துக்கொண்டு வெளியே விழுந்து, வாழைக்கொல்லை வழியே ஓடினார். சோறு வட்டிலில் அப்படியே இருந்தது.

மறுநாள் பஞ்சநதம் வந்தார். அவர் எங்கள் வீடுகளுக்குள் நுழையமாட்டார், தெருவில் குடையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து நிற்பார். இந்தச் சனியன் அவரைப் பார்த்து வாலாட்டியது! எனக்கு அதன் வாலை அறுத்துப் போடலாமா என்றிருந்தது.

முருகையன் கீற்றில் இருந்த ஓட்டையைப் பார்த்தான். மூங்கில் பிளாச்சு கொண்டுவந்து வெளியிலிருந்து வரிந்து கட்டினான். பிறகு, குட்டிக்கு முன்னால் போய்க் கல் எடுப்பவன் மாதிரி குனிந்தான். குட்டி பல்லைக் காட்டிக் கத்தியது. நிமிர்ந்தான், நின்றது. மறுபடி குனிந்தான், கத்தியது. அவனுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

“மணி நல்லா அடிக்குதுங்கய்யா,” என்றான்.

காரியக்காரர் சிரித்தார். “நாய நல்லா வச்சுக்க செவ்வந்தி. சோறு போடு. அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா, ஏன் ஆச்சுன்னு நான் கேப்பேன்.”

எனக்குப் புரிந்துவிட்டது. குட்டி என் வீட்டில் தின்றுகொண்டு அவர்களுக்குக் காவல் காக்க வேண்டும். அது காணாமல் போனால், எவனுக்காக அதன் வாயை அடைத்தாய் என்று அடுத்த நிமிஷம் வந்து நிற்பார்கள்.

சுள்ளி பொறுக்கப் போகிற சாக்கில் படுகைக்குப் போனேன். ரெத்தினத்துக்குக் குளிர் காய்ச்சல் கண்டிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. குதிகாலில் பல் பட்ட இடம் வீங்கியிருந்தது.

“அத ஆத்துல விட்டுத் தொலைடி,” என்றார்.

காரியக்காரர் சொன்னதைச் சொன்னேன்.

“அப்ப என்ன பண்ணப் போற?”

“பழக்கப் போறேன்.”

“நாய் வால நிமித்தப் போறியா?”

“வால யாரு நிமித்தச் சொன்னா? வாய மூடுனாப் போதும்.”

அந்தக் காய்ச்சலிலும் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது; காட்டிக்கொள்ளவில்லை. மழைக்காலத்தில் மூங்கில் புதருக்குள் இப்படியே கிடந்தால் இவர் போலீஸ் கையால் சாக வேண்டியதே இல்லை, காய்ச்சலே கொண்டுபோய்விடும். கூரைக்குள் உட்கார்ந்து சூடாகக் கஞ்சி குடிக்க வேண்டும். அதற்கு அந்தக் குட்டி கத்தாமல் இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த பாடம் விளக்குமாறுதான். கடித்தால் அடித்தேன். அடிக்க அடிக்க இன்னும் வெறியாகக் கடித்தது. பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் அக்கா அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்தவள், குனிந்து நெருப்புக் கங்கு எடுக்கும்போது அவள் முழங்கையைப் பதம் பார்த்தது.

“சூட்டுக்கோலக் காய வச்சு மூக்குல ஒரு இழுப்பு இழுடி. மாடே அடங்குது, நாய் அடங்காதா?” என்றாள் அக்கா, கையை உதறிக்கொண்டே.

சூட்டுக்கோலை அடுப்பில் செருகியும்விட்டேன். குட்டி மூலையில் சுருண்டு என்னையே பார்த்தது. கோலை எடுக்கக் குனிந்தேன். நான் இன்னும் அதைத் தொடவே இல்லை. அது நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடியது.

கோலை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தேன். நடுக்கம் குறைந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை குனிந்தேன். பல்லைக் காட்டியது. அடக் கடவுளே, கண்ணெதிரே நடந்ததை இத்தனை நாள் பார்க்காமல் இருந்திருக்கிறேன். ரெத்தினம் குனிந்து நுழைந்தார், கடித்தது. அக்கா குனிந்தாள், கடித்தது. நான் முறத்தை எடுக்க, அடுப்பை ஊத, வீட்டைக் கூட்டக் குனியும்போதெல்லாம் கடித்திருக்கிறது. நிமிர்ந்தே நிற்கிற காரியக்காரரைப் பார்த்துத்தான் வாலாட்டியது. அதற்குத் தெரிந்த உலகத்தில் குனிகிறவன் கல்லை எடுக்கத்தான் குனிகிறான். நடவுக்குக் குனிகிறவளும் உண்டு, வாசலுக்குக் குனிகிறவனும் உண்டு, வயிற்றுப்பாட்டுக்காக எவன் முன்னாலோ குனிகிறவனும் உண்டு என்று அதற்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? வெறிபிடித்த நாய் இல்லை இது. பயந்த நாய். பயம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் வெள்ளம் புரண்டு, எங்கள் தெருவுக்கு வரும் மரப்பாலமும் படுகைப் பாதையும் முங்கிவிட்டன. முருகையன் அந்தக் கரையிலேயே நின்றுபோனான். மழைக்கு அன்றைக்குத்தான் நான் கும்பிடு போட்டேன்.

வயல் நத்தையைப் பொறுக்கி வந்து வேகவைத்துச் சதையைக் கிள்ளி வைத்துக்கொண்டேன். முதலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் எங்கே குனிவது? குட்டியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு துண்டைத் தள்ளிப் போட்டேன். வெகுநேரம் கழித்து வந்து கவ்விக்கொண்டு ஓடியது. பிறகு முழங்காலில் நின்று போட்டேன். பிறகு எழுந்து நின்று, முதுகைக் கொஞ்சமாக, நெல்லுக்கதிர் சாய்கிற அளவுக்குச் சாய்த்துப் போட்டேன். உறுமினால் நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று அர்த்தம். மறுபடி உட்கார வேண்டும். பொறுமை என்பது எந்தக் கடையில் விற்கிறது என்றே எனக்குத் தெரியாது. எத்தனையோ தடவை கையிலிருந்த சட்டியை அதன் தலையில் போடத் தோன்றியது. படுகையில் மழையில் நனைகிறவரை நினைத்துக்கொள்வேன். மறுபடி உட்காருவேன்.

குனிந்தால் கல் விழும் என்று படித்து வைத்திருந்த குட்டி, குனிந்தால் நத்தை விழும் என்று மெல்ல மெல்லப் படித்தது. ஒரு நாள் நான் அடுப்பு ஊதக் குனிந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையை மோந்து பார்த்தது. கடிக்கவில்லை. கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் நக்கியது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

“புருஷனுக்குக்கூட நீ இப்படிப் பக்குவமா ஊட்டுனதில்லையேடி,” என்று பொன்னுத்தாய் அக்கா கேலி செய்தாள். கேலி செய்தாலும், ரெத்தினத்தின் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வாசலில் குனிந்து குனிந்து நுழைந்து நத்தை போட்டது அவள்தான். அவளைத் தொடர்ந்து உலகநாதனும் வந்தான். விரல் மடங்காத கையால் அவன் போட்ட துண்டையும் குட்டி வாங்கிக்கொண்டது. கடைசியில், தெருவில் யார் குனிந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு போய் முன்னால் உட்கார ஆரம்பித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமையில், குனிகிறவர்களில் முருகையனும் ஒருவன் என்பது எனக்கு மறந்தே போயிற்று.

மழை கொஞ்சம் வெறித்த ஒரு நாள் உச்சிப்பொழுதில் ரெத்தினம் வந்தார். வாசலில் குனிந்து நுழைந்தார். குட்டி எழுந்தது. அது அவர் குதிகாலை மோந்தது, தான் கடித்த அதே இடத்தை. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தது. சத்தமே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு நத்தைத் துண்டை அவர் கையில் கொடுத்தேன். அவர் குட்டிக்குக் கொடுத்தார். பிறகு கஞ்சி குடிக்க உட்கார்ந்தார். பாதிதான் குடித்திருப்பார்.

“ஏ செவ்வந்தி!”

காரியக்காரர் குரல். தண்ணீர் வடிந்து பாலம் தெரிந்திருக்கிறது. எனக்கு அது தோன்றவே இல்லை. பின்பக்கம் மூங்கில் பிளாச்சு. வேறு வழி கிடையாது. ரெத்தினம் காலி நெற்குதிருக்குப் பின்னால் ஒடுங்கினார். நான் படலைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். குட்டியும் என் காலோடு வந்தது.

பஞ்சநதம் குடையோடு தெருவில் நின்றார். முருகையன் முழங்கால் வரை சேறு.

“என்னங்கய்யா,” என்றேன்.

“படுகைப் பக்கமிருந்து ஒருத்தன் வாழைக்கொல்லைக்குள்ள போனதாக் கேள்வி. இங்க வந்தானா?”

“எங்க வீட்டுக்கு யாருங்க வராங்க? வேலையும் இல்ல, விருந்தும் இல்ல.”

“வாய் மட்டும் குறையல,” என்றார். முருகையனைப் பார்த்தார். “உள்ள போய்ப் பாருடா.”

முருகையனுக்குத் தாழ்ந்த கூரையில் அந்தச் சேற்றோடு நுழைய மனசில்லை. “எவனாச்சும் வந்திருந்தா நாய் கத்தியிருக்குங்களே. பாலத்துலேந்தே கேட்டிருக்கும்.”

“கத்துற நாய்தானான்னு பாரு. மழை நாள்ல பழகிப்போயிருக்கும்.”

“மணி அடிச்சுப் பாத்துருவோம்,” என்று சிரித்துக்கொண்டே முருகையன் முன்னால் வந்தான்.

அவன் குனியப் போகிறான். குனிந்தால் இது கத்த வேண்டும். கத்தினால், பழைய நாய்தான், வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை என்று போய்விடுவார்கள். கத்தாமல் வாலாட்டினால் முடிந்தது; யாருக்காகப் பழக்கினாய் என்று கேட்டுக்கொண்டே படலைத் தள்ளுவான். நான் காலடியில் பார்த்தேன். குட்டியின் வால் ஏற்கனவே மெதுவாக ஆட ஆரம்பித்திருந்தது. தன் தாயைக் கொன்ற கையிலிருந்து நத்தை விழும் என்று அண்ணாந்து காத்திருந்தது.

அதட்டினால் போதாது. அதட்டினால் என் காலுக்கடியில்தான் வந்து ஒண்டும். படலுக்கு முட்டுக் கொடுத்திருந்த அரைச் செங்கல் காலடியில் கிடந்தது. “சோத்துச் சட்டியிலயா வாய் வைக்கிற, சனியனே!” என்று கத்திக்கொண்டே குனிந்து அதை எடுத்தேன்.

நான் குனிந்ததும் குட்டி என் பக்கம் திரும்பியது. வாயைக் கொஞ்சம் திறந்து, வாங்கிக்கொள்ளத் தயாராக என் முகத்தைப் பார்த்தது.

எறிந்தேன். குறி தப்பிவிட்டதாகப் பாவனை செய்யவில்லை. படும்படியாகத்தான் எறிந்தேன். பின்னங்காலில் பட்டு, அது சேற்றில் உருண்டது. அப்புறம் எழுந்தது பாருங்கள் ஒரு கத்தல், இத்தனை நாள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து ஒரே கத்தலாக! முருகையன் சிரித்தபடி குனிந்து கையை நீட்டினான். அவன் கட்டைவிரலைக் கவ்வியது. அவன் அம்மா என்று அலறிக்கொண்டு கையை உதறினான்.

காரியக்காரர் குடை ஆடும்படி சிரித்தார். “போதும் வாடா. மணி நல்லாத்தான் அடிக்குது. இது இருக்குற வரைக்கும் அவன் வாசல்ல தலைய நீட்ட முடியாது.” போகிற போக்கில் என்னைப் பார்த்து, “அடிச்சுக் கொன்னுராத. அது எங்களுக்கு வேணும்,” என்றார்.

அவர்கள் பாலத்தைத் தாண்டும் வரை நான் அசையவில்லை. பிறகு உள்ளே போனேன். ரெத்தினம் குதிருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆற்றில் விடு என்று சொன்னவர்!

“அதப் போயி ஏண்டி அப்படி அடிச்ச?” என்றார்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. “உலகநாதன் கையப் பாத்துட்டு வந்து கேளுங்க,” என்றேன். “இன்னொரு தடவன்னாலும் அதத்தான் செய்வேன். கஞ்சியக் குடிச்சுட்டுக் கெளம்புங்க.”

குடித்தார். தெருவைப் பார்த்துவிட்டு அனுப்பினேன். வாசலில் அவர் குனிந்து வெளியேறியபோது, பக்கத்திலிருந்த வைக்கோல் குவியலுக்கடியிலிருந்து ஓர் உறுமல் கேட்டது. அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

பொழுது சாயும் நேரத்தில் நத்தைச் சட்டியை எடுத்துக்கொண்டு வைக்கோல் பக்கம் போனேன். கால் முறியவில்லை, ஆனால் ஊன்றவில்லை, தூக்கியே வைத்திருந்தது. சனியனே என்றேன். காது தூக்கவில்லை. முதலில் உட்கார வேண்டும், முகத்தைப் பார்க்கக் கூடாது, எட்டப் போட வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் உட்காரப் பொறுக்கவில்லை. அப்படியே குனிந்து, கையில் நத்தையோடு நீட்டினேன்.

கடித்தது. முதல் நாள் முந்தானைக்குள்ளிருந்து கடித்த அதே மணிக்கட்டு. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பல் இறங்கியது, இரத்தம் வந்தது, வலி தோள் வரை ஏறியது. அது உறுமிக்கொண்டே என்னைப் பார்த்தது. அதன் உடம்பு நடுங்குவது பல் வழியாக என் கைக்குள் தெரிந்தது. வெகுநேரம் கழித்துப் பல்லைத் தளர்த்தியது. நத்தையைத் தொடவில்லை, ஓடவும் இல்லை. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அது ஓடிப்போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.